சுட்ட மண்ணில் ஓர் ஆடுகளம்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் பட்டறை வாசல்களில் உடைசல் குவிந்து கிடக்கும். சூளையில் வெடித்த பொம்மை, கோணிப்போன ஃப்யூஸ் கட்டை, வாய் உடைந்த ஜாடி. மண் பச்சையாக இருக்கும்வரை தண்ணீர் விட்டுப் பிசைந்து திரும்பவும் அச்சில் ஏற்றலாம். வெந்தபின் உடைந்தால் தூள்தான். அந்தத் தூளுக்கு நம்மிடம் பழைய பயன் ஒன்று உண்டு. செங்கல்லை இடித்துச் சலித்த சுர்க்கியைச் சுண்ணாம்போடு சேர்த்துத்தான் 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சின் தென்கரையில் சுட்ட மண்ணின் தூள் வேறொரு வேலைக்குப் போயிற்று.

விம்பிள்டனை ஆண்டுகொண்டிருந்த இரட்டையர் வில்லியம் ரென்ஷாவும் எர்னஸ்ட் ரென்ஷாவும் குளிர்காலத்தில் கேன்ஸ் நகருக்கு வந்து டென்னிஸ் ஆடுவது வழக்கம். அங்கத்திய வெயிலில் புல் கருகியது. பக்கத்திலிருந்த வலோரிஸ், விருத்தாசலத்தைப் போலவே மண்பாண்டத்தால் பிழைக்கும் ஊர். அங்கே கழித்துப் போட்ட பானைகளைப் பொடியாக்கிப் புல்தரையின் மேல் தூவினார்கள் என்று டென்னிஸ் வரலாறுகள் சொல்கின்றன. பின்னாளில் பானைத்தூளின் இடத்துக்குச் செங்கல் தூள் வந்தது. இன்று உலகம் முழுக்கக் களிமண் தரை என்று அறியப்படும் சிவப்புக் களங்களின் தொடக்கம் அது.

அந்தத் தரையில் நடக்கும் போட்டிகளில் பெரியது பிரெஞ்சு ஓப்பன். 1891இல் அது தொடங்கியபோது பிரெஞ்சு டென்னிஸ் மன்றங்களின் உறுப்பினர்கள் மட்டுமே ஆடலாம். முதல் பட்டம் பாரிஸில் குடியிருந்த பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயருக்குப் போனது. அவரும் மன்ற உறுப்பினர் என்பதால் அது செல்லுபடியானது. பெண்களுக்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1897இல் கதவு திறந்தது. வெளிநாட்டவருக்கு 1925இல். அதுவும் அமெச்சூர்களுக்கு மட்டும். ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் மேலும் 43 ஆண்டுகள் வெளியே நின்றார்கள். இன்று பெரும்பாலானோருக்குத் தரவரிசையே நுழைவுச்சீட்டு. எந்த நாட்டில் பிறந்தவராக இருந்தாலும், எந்த மன்றத்திலும் சேராதவராக இருந்தாலும், தகுதிச் சுற்றில் ஜெயித்தால் உள்ளே வரலாம். இந்த மாற்றத்தில் இழப்பு என்று சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை.

இப்போதைய மைதானம் 1928இல் எழுந்தது. முந்தைய ஆண்டு லகோஸ்த், கோஷே, பொரோத்ரா, ப்ருஞோன் என்ற நால்வர் அமெரிக்காவிடமிருந்து டேவிஸ் கோப்பையைப் பறித்து வந்திருந்தார்கள். கோப்பையைத் தக்கவைக்கும் ஆட்டத்துக்கு ஒரு நல்ல களம் தேவைப்பட்டது. 1913இல் மத்தியதரைக் கடலை நிற்காமல் விமானத்தில் கடந்து, முதல் உலகப்போரில் மடிந்த ரோலண்ட் கரோஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். அடுத்த போர் தொடங்கியபோது அதே வளாகம் அந்நியர்களை அடைத்து வைக்கும் முகாமாயிற்று. எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர் அங்கே அடைபட்டிருந்தவர்களில் ஒருவர்.

1968இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் இடம் தந்த முதல் கிராண்ட்ஸ்லாம் பிரெஞ்சு ஓப்பனே. பாரிஸில் மாணவர் கிளர்ச்சி, நாடெங்கும் வேலைநிறுத்தம், பெட்ரோல் இல்லை, ரயில் இல்லை. அப்படியும் கூட்டம் வந்தது. இறுதியில் ராட் லேவரைக் கென் ரோஸ்வால் வென்றார். ஆண்கள் ஒற்றையர் பரிசு 15,000 ஃப்ராங்க், பெண்களுக்கு 5,000. 2025இல் ஒற்றையர் பட்டம் வென்ற ஆணுக்கும் பெண்ணுக்கும் தலா 25,50,000 யூரோ. வெற்றியாளர்களுக்குச் சமப் பரிசு 2006இல் வந்தது, எல்லாச் சுற்றுகளுக்கும் 2007இல். மூன்றுக்கு ஒன்று என்றிருந்த கணக்கு நேராக 39 ஆண்டுகள் பிடித்தன. ஆனால் பணத்தில் நேரான கணக்கு நேரத்தில் இன்னும் கோணலாகவே இருக்கிறது. 2021 முதல் மையக் களத்தில் இரவில் விளக்கொளியில் ஒரே ஓர் ஆட்டம் வைக்கிறார்கள். அது பெரும்பாலும் ஆண்கள் ஆட்டம். 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் ஒரு பெண்கள் ஆட்டம்கூட அந்த நேரத்துக்கு வரவில்லை. இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் எதுவும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

வெளிச்சத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2019 வரை இங்கே கடைசி வார்த்தை சூரியனுடையது. பந்து கண்ணுக்குத் தெரியாத வேளை வந்தால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் நிறுத்தி, மறுநாள் தொடர்வார்கள். 2004இல் ஃபப்ரிஸ் சான்டோரோவும் அர்னோ கிளெமானும் ஆடிய முதல் சுற்று ஆட்டம் அப்படித்தான் ஐந்தாம் செட்டில் இருட்டில் நின்றது. மறுநாள் வந்து 16-14 என்று முடித்தார்கள். மொத்தம் 6 மணி 33 நிமிடம். இன்று மையக் களத்துக்குக் கூரை உண்டு, விளக்கு உண்டு. 2024 முதல் சூசான் லாங்லன் என்ற இன்னொரு களத்துக்கும் கூரை வந்துவிட்டது. 2022 முதல் ஐந்தாம் செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக்கில் முடிந்துவிடும். மழைக்காகக் குடை பிடித்து மணிக்கணக்கில் காத்திருந்தவருக்கு இது பெரிய ஆறுதல்தான். ஆனால் ஓர் இரவு முழுக்க முடிவு தெரியாமல் தூங்கப் போய், காலையில் அதே புள்ளியிலிருந்து தொடங்கும் அந்தச் சோதனை கூரையுள்ள களங்களில் ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. நீளம் மட்டும் போகவில்லை: 2025 இறுதியில் அல்கராஸும் சின்னரும் 5 மணி 29 நிமிடம் ஆடினார்கள், இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே நீண்ட இறுதி ஆட்டம்.

மட்டையின் கதையும் உண்டு. பியோன் போர்க் ஆறு பட்டங்களை மர மட்டையால் வென்றார். 1983இல் யானிக் நோவா கையிலிருந்ததும் மரம்தான். மர மட்டையோடு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் வென்ற கடைசி ஆண் அவரே. இங்கே வென்ற கடைசி பிரெஞ்சு ஆணும் இன்றுவரை அவரே. 1997இல் தரவரிசையில் 66ஆம் இடத்திலிருந்த குஸ்தாவோ குயர்டன் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கோடு வந்து பட்டத்தை எடுத்துப் போனார். அந்த ஸ்ட்ரிங்கில் பந்து இன்னும் கடுமையாகச் சுழலும். 2005 தொடங்கி நடால் வென்ற 14 பட்டங்களுக்கும் பின்னால் அந்தச் சுழற்சி இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் மாறாமல் இருப்பது தரை. அடியில் கல், மேலே சரளை, அதன்மேல் நிலக்கரி எரிந்த கசடு, பிறகு பொடித்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல், எல்லாவற்றுக்கும் மேலே செங்கல் தூள். மேலிருந்து பார்ப்பவருக்கு ஓரடி மண்போலத் தெரியும் அந்தச் சிவப்பின் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். சுண்ணாம்புக்கல் அடுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஈரம் தூளைப் பிடித்து வைக்கிறது. ஈரம் கூடினால் பந்து மந்தமாகும், காய்ந்தால் விரையும். ஆகவே தினமும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், செட் முடிந்ததும் வலையை இழுத்துத் தூளைச் சமன்செய்ய வேண்டும், கோடுகளைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டும். எந்திரம் வந்தபின்னும் இது கை வேலைதான். விழுந்த பந்தின் தடம் தூளில் பதிகிறது. ஐயம் வந்தால் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து தடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். மற்ற மூன்று கிராண்ட்ஸ்லாம்களும் கோட்டு நடுவர்களைக் கைவிட்டுக் கருவிக்கு மாறிவிட்ட 2025இலும் பாரிஸ் மாறவில்லை. அவர்கள் மாறாமலே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தீர்ப்புக்கான சாட்சி தரையிலேயே கிடக்கும்போது அதை ஆடுபவரும் பார்க்கலாம், பார்ப்பவரும் பார்க்கலாம்.

நம்மவர்களும் இந்தத் தரையில் பெயர் பதித்தவர்கள். ராமநாதன் கிருஷ்ணன் 1962இல் இங்கே கால் இறுதி வரை வந்தார். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் இளையோர் பட்டம் வென்றார். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி 1997இல் ஜப்பானின் ரிகா ஹிராகியோடு கலப்பு இரட்டையரை வென்றபோது, கிராண்ட்ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். 1999இல் அவரும், சென்னையில் அமிர்தராஜ் அகாடமியில் வளர்ந்த லியாண்டர் பயஸும் ஆண்கள் இரட்டையரை எடுத்தார்கள். ஆனால் எனக்கு இவற்றைவிட நெருக்கமானது 1993 டேவிஸ் கோப்பை. வலோரிஸிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஃப்ரெஜூஸ் நகரின் களிமண் தரையில், பிரான்ஸ் 2-1 என்று முன்னிலையில் இருக்க, கடைசி நாளில் பயஸ் அர்னோ பொயெட்ஷையும், 32 வயது ரமேஷ் ரொடால்ஃப் கில்பெர்ட்டையும் வென்றார்கள். பிரான்ஸை அதன் சொந்த மண்ணிலேயே வென்ற நாள் அது. அந்த ஆண்டோடு ரமேஷ் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றார்.

அவர் தலைமுறை வரை நம் நாட்டில் புல்தரையும் சாணம் மெழுகிய மண்தரையும் சாதாரணம். வாசலுக்குச் சாணம் தெளித்த கைகளே களத்தையும் மெழுகின. இன்று புதிதாகக் கட்டப்படும் களம் பெரும்பாலும் சிமெண்ட் அடித்தளத்தின் மேல் வர்ணம் பூசிய கடினத் தரை. 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓப்பன் அந்தத் தரையில்தான் நடந்தது. அதனால் கிடைத்ததும் குறைவல்ல: உலகின் முன்னணி வீரர்களைச் சென்னைச் சிறுவர்கள் பத்தடி தூரத்தில் பார்த்தார்கள், மழை நின்ற சிறிது நேரத்தில் களம் தயாரானது, தினம் தண்ணீர் பாய்ச்ச ஆள் தேவைப்படவில்லை. ஆனால் கடினத் தரை முழங்காலைச் சோதிக்கிறது, புள்ளி சீக்கிரம் முடிந்துவிடுகிறது, பொறுமையாகப் புள்ளி கட்டும் பழக்கம் வளர வாய்ப்புக் குறைகிறது. இந்திய வீரர் சுமித் நாகல் 2024 பிப்ரவரியில் சென்னையில் சேலஞ்சர் பட்டம் வென்று உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் வந்தார். இரண்டு மாதத்தில் மான்டி கார்லோவின் களிமண் தரையில் மட்டேயோ அர்னால்டியைத் தோற்கடித்தார். களிமண்ணில் அவருக்குக் கால் பழகியது ஐரோப்பாவில்.

செங்கல் தூளுக்கோ, மண்ணின் பக்குவம் அறிந்தவர்களுக்கோ விருத்தாசலம் பக்கம் பஞ்சமில்லை. அந்த ஊரில் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமே இருக்கிறது. சல்லடையின் கண் எந்த அளவு, தூள் எந்தச் சூட்டில் வெந்திருக்க வேண்டும், எவ்வளவு ஈரம் தாங்கும் என்பதெல்லாம் அங்கே சோதித்துப் பார்க்கக்கூடியவை. அரசு அடுத்த விளையாட்டரங்கத்துக்குத் திட்டம் போடும்போது ஆறு கடினத் தரைகளுக்கு நடுவே இரண்டு சிவப்புத் தரைகளையும், அவற்றுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் பாய்ச்ச நிரந்தரச் சம்பளத்தில் இரண்டு பேரையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.