நாலுகால் பாய்ச்சலுக்கு ஐந்து சித்திரம்

குதிரையை நன்றாக வரையத் தெரிந்தவர்கள் குறைவு. ஓடுகிற குதிரையை வரையத் தெரிந்தவர்கள் அதிலும் குறைவு. கையால் வரையும் அனிமேஷன்காரர்களிடம் எது கடினம் என்று கேட்டால், பட்டியலின் முதலிடத்தில் குதிரை வந்து நிற்கும். அப்படியிருக்கும்போது, குதிரை வீரர்களின் நாட்டைப் பற்றி 134 நிமிடப் படத்தைக் கையால் வரைந்தே எடுப்பது என்று ஒரு குழு துணிந்தது. 2024 டிசம்பரில் வெளியான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி வார் ஆஃப் தி ரோஹிரிம்' அப்படி உருவானதுதான். இயக்கியவர் ஜப்பானின் கென்ஜி கமியாமா.

இது ஒரு முன்கதை. பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்களில் நாம் பார்த்த ரோஹன் என்ற அந்தக் குதிரை வீரர்களின் நாட்டை, மூலநூலை எழுதிய டோல்கீனின் காலக் கணக்குப்படி ஏறக்குறைய 260 ஆண்டுகள் பின்னோக்கிப் போய்ப் பார்க்கிறது. மூலக்கதை மிகச் சிறியது. 1955-ல் வந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' நூலின் பின்னிணைப்பில் சில பத்திகள், அவ்வளவுதான். ஹெல்ம் என்ற அரசன், அவன் மகளைத் தன் மகனுக்குப் பெண் கேட்கும் ஒரு பிரபு, ஒரே குத்தில் விழும் சாவு, அதற்குப் பழிவாங்கும் போர், நீண்ட பனிக்காலம், முற்றுகை. அந்த மகளுக்கு டோல்கீன் பெயர்கூட வைக்கவில்லை. படம் அவளுக்கு ஹேரா என்று பெயரிட்டு, கதையை அவள் தோளில் ஏற்றி வைத்தது.

கதைக்கு இவ்வளவு இடம் கிடைத்தது. காட்சிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. எடோராஸ் நகரத்தின் குன்றும், பொன் மண்டபமும், ஹெல்ம்ஸ் டீப் கோட்டையும் ஏற்கெனவே கோடிக்கணக்கானவர்கள் திரையில் பார்த்தவை. ஜாக்சனின் படங்களுக்கு வடிவம் தந்த ஆலன் லீயும் ஜான் ஹோவும் இதிலும் வேலை செய்தார்கள் என்பதால், கோட்டைச் சுவர்கள் அதே கையிலிருந்து வந்தன. கல்லுக்கும் மரத்துக்கும் அது போதும். குதிரைக்குப் போதாது.

கணக்கைப் பாருங்கள். சினிமாவில் நொடிக்கு 24 சட்டகங்கள். 134 நிமிடத்துக்கு 1,92,960. ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு சித்திரம் என்று யாரும் வரைவதில்லை. ஒரு சித்திரத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திவைப்பது வழக்கம். நொடிக்குப் பன்னிரண்டு சித்திரம். 1963-ல் 'அஸ்ட்ரோ பாய்' தொடரில் தொடங்கிய ஜப்பானியச் சிக்கன மரபில் மூன்று சட்டகத்துக்கு ஒன்று, நொடிக்கு எட்டு என்பதும் சகஜம். மனிதன் பேசும்போதும், தலையைத் திருப்பும்போதும் இது உறுத்துவதில்லை. இரண்டு நிலைகளுக்கு நடுவே இல்லாத அசைவை மூளையே தைத்துக்கொள்கிறது. பிம்பம் விழித்திரையில் தங்குவதால்தான் படம் அசைகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த விளக்கம் போதாது என்பதை உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912-லேயே காட்டினார். அசைவைக் கட்டுவது கண்ணை விட மூளையின் வேலை.

மூளை கட்டும் விதத்தில்தான் குதிரைக்குச் சிக்கல். ஒரு சித்திரத்தில் உள்ள கால், அடுத்த சித்திரத்தில் உள்ள எந்தக் கால்? மூளை பெரும்பாலும் அருகில் இருப்பதோடு முடிச்சுப் போடுகிறது. நான்கும் ஒரே மாதிரிக் கால்கள், வேகமோ அதிகம். இடைவெளி கொஞ்சம் கூடினால் இடது காலை வலது காலோடு இணைத்துவிடும். வண்டிச் சக்கரம் திரையில் பின்னோக்கிச் சுழல்வது போலக் குதிரையின் கால்கள் தடுமாறும், வழுக்கும்.

இதை நானே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. 1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், முன்னாள் ஆளுநர் லேலண்ட் ஸ்டான்போர்டின் பண்ணையில், புகைப்படக்காரர் எட்வர்ட் மைபிரிட்ஜ் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்தார். ஒன்றுக்கொன்று 27 அங்குலம். சாலி கார்ட்னர் என்ற பெண் குதிரை குறுக்கே கட்டிய நூல்களை அறுத்துக்கொண்டு ஓட, ஒவ்வொரு நூலும் ஒரு கேமராவை இயக்கியது. படங்களுக்கு இடையே நொடியில் 25-ல் ஒரு பங்கு என்று அந்தப் படங்கள் வெளியான அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பேசும் படம் வந்த பிறகு நிலைத்த நொடிக்கு 24 என்ற வேகத்துக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது! குதிரையின் ஒரு முழுப் பாய்ச்சல் ஏறத்தாழ அந்தப் படங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

ஓடும்போது நான்கு கால்களும் தரையை விட்டு எழுகின்றனவா என்பதே அன்றைய கேள்வி. எழுகின்றன. இரண்டாவது, மூன்றாவது படங்களில் குதிரை முழுவதும் காற்றில் இருக்கிறது. அதைவிட அதிர்ச்சி, கால்கள் இருந்த விதம். அதுவரை ஓவியர்கள் முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் விரித்துப் பறக்கவிட்டே வரைந்தார்கள். ஜெரிக்கோ 1821-ல் தீட்டிய எப்ஸம் பந்தயக் குதிரைகள் அப்படித்தான் பறக்கின்றன. உண்மையில் குதிரை காற்றில் இருக்கும்போது நான்கு கால்களும் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் குவிந்திருக்கின்றன.

பன்னிரண்டு படங்களையும் வெட்டி மேசையில் வைத்தேன். ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால், இரண்டாவதோ மூன்றாவதோ கட்டாயம் கையில் வரும். குதிரை பறக்கிறது. மூன்றுக்கு ஒன்று என்று 1, 4, 7, 10 எடுத்தேன். குதிரை தரையை விட்டு எழவே இல்லை! ஓடுகிறது, ஆனால் ஏதோ கனமான சாமான் இழுபடுவது போல. 2, 5, 8, 11 என்று மாற்றினேன். உடனே உயிர் வந்துவிட்டது. சித்திரங்களின் எண்ணிக்கை ஒன்றுதான், தேர்ந்தெடுத்த கணம் வேறு. நாலுகால் பாய்ச்சல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவதற்கு, இரண்டு சட்டகத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஓவியருக்குக் கிடைப்பது ஐந்து சித்திரம். நான்கு குளம்புகள் தனித்தனியாகத் தரையைத் தொட வேண்டும், நடுவே ஒரு கணம் எதுவுமே தொடக்கூடாது. ஐந்தில் ஒன்றுகூட வீண் போகக் கூடாது.

காலின் உடற்கூறும் சேர்ந்து மிரட்டும். முன்னங்காலில் நாம் முழங்கால் என்று நினைப்பது குதிரையின் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கமாக மடிவது கணுக்கால். குளம்பு, நடுவிரலின் நகம். மணிக்கட்டுக்குக் கீழே தசை ஏறக்குறைய இல்லை. நீண்ட தசைநாண்கள் ஸ்பிரிங் போல இழுபட்டுத் திரும்புகின்றன. இதை அறியாமல் வரைந்தால் குதிரை வேடமிட்ட இரண்டு மனிதர்கள்தான் ஓடுவார்கள்.

கமியாமாவின் குழு நேரடியாகத் தாளில் இறங்கவில்லை. முதலில் நடிகர்களை, உடல் அசைவைக் கணினியில் பதிவுசெய்யும் மோஷன் கேப்சர் மூலம் நடிக்க வைத்து, காட்சியைக் கணினிக்குள் முப்பரிமாணத்தில் அமைத்து, கேமரா எங்கே நிற்கும், எப்படி நகரும் என்று முடிவு செய்தார்கள். அதைப் பார்த்துக் கையால் வரைந்தார்கள். திரையில் நாம் காண்பது கோடுகளை. அடியில் ஒரு முழுப் படமே நடித்து முடிக்கப்பட்டுக் கிடக்கிறது.

இதன் மூதாதை ரோட்டோஸ்கோப். மாக்ஸ் ஃபிளைஷர் 1915-ல் காப்புரிமை கோரிய கருவி அது. படம்பிடித்த மனிதனைச் சட்டகம் சட்டகமாகக் கண்ணாடியில் வீழ்த்தி, மேலே தாளை வைத்து வரைவது. டோல்கீன் உலகத்துக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. 1978-ல் ரால்ஃப் பாக்‌ஷி எடுத்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' அனிமேஷனுக்காக நடிகர்களை ஸ்பெயினில் படம்பிடித்து, அதன்மேல் வரைந்தார்கள். அந்தப் படத்தின் மனிதர்கள் சில இடங்களில் மிதப்பது போலத் தெரிவதற்குக் காரணம், நகலெடுப்பு எல்லாக் கணத்துக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்துவிடுவதுதான். கை அப்படிச் செய்யாது. வாள் ஓங்கிய நிலையில் நாலு சட்டகம் கூடுதலாக நிறுத்தும், வீழ்வதை இரண்டே சட்டகத்தில் முடிக்கும். கணினி சொல்வது கால் எங்கே இருக்கிறது என்பதை. எந்தக் கணத்தை வைத்துக்கொள்வது என்பதை மேசையில் குனிந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் என் மனம் நின்றது அந்த உழைப்பில்தான். கதையில் எனக்குச் சில குறைகள் உண்டு, குதிரைகளிடம் இல்லை.

எடையைக் காட்டுவதும் இதே நேரக் கணக்கில்தான். படத்தில் மூமக் என்ற ராட்சத யானை ஒன்று வெறிகொண்டு வருகிறது. யானைக்குக் குதிரையின் விதி செல்லாது. 2003-ல் ஜான் ஹட்சின்சனும் உடன் ஆய்வாளர்களும் தாய்லாந்து யானைகளின் மூட்டுகளில் புள்ளியிட்டு ஓடவிட்டுப் படம்பிடித்தார்கள். ஏறக்குறைய மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போயின. அந்த வேகத்திலும் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விடவே இல்லை. ஆகவே மூமக் வரைபவர் காற்றில் நிற்கும் அந்தக் கணத்தை மறந்துவிட வேண்டும், எப்போதும் ஒரு காலாவது மண்ணில் ஊன்றியிருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கூடத்து ஊஞ்சல் சட்டென்று திரும்பும், ஆலமரக் கிளையில் கட்டிய நீண்ட ஊஞ்சல் நிதானமாக ஆடும். காலும் ஒருவகை ஊசல்தான். ஊசலின் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கால் நான்கு மடங்கு நீளமென்றால், ஓர் அடிக்கு இரண்டு மடங்கு நேரம், இரண்டு மடங்கு சட்டகங்கள். அப்படியொரு விலங்கு நிஜத்தில் நிற்க முடியாது. எடை 64 மடங்காகும், எலும்பின் குறுக்குப் பரப்போ 16 மடங்குதான். ஆனாலும் சட்டகக் கணக்குச் சரியாக இருந்தால் கண் அதை நம்பிவிடுகிறது.

கதையின் பிற்பாதி முழுவதும் பனி. நாலுகால் பாய்ச்சலில் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் விடும். கால்கள் குவிந்து காற்றில் இருக்கும்போது மூச்சு உள்ளே போகிறது, முன்னங்கால்கள் தரையை அழுத்தும்போது வெளியே வருகிறது. குளிரில் ஓடும் குதிரையின் மூக்கருகே ஆவி வரைகிறவர் அதையும் குளம்போடு சேர்த்து எண்ணியாக வேண்டும்: ஐந்து சித்திரத்துக்கு ஒரு புகை.

முற்றுகையின் முடிவில் அரசன் ஹெல்ம் பனியில் உறைந்து, முழங்கால் மடியாமல் நின்றபடியே இறந்திருந்ததாக டோல்கீன் எழுதியிருக்கிறார். அதை வரைய ஒரே சித்திரம் போதும். எத்தனை சட்டகம் வேண்டுமானாலும் நிறுத்தலாம். பனி மட்டும் வேறொரு தாளில் அவன் முன்னால் விழுந்துகொண்டிருக்கும். வாயருகே ஆவி இருக்காது.