வாய் கோணினால் செல்போனில் தேடலாமா? நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் சாகும்!

காபி குடித்துக்கொண்டிருந்த பெரியவருக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுகிறது. கை தூக்க வரவில்லை. பேச்சு குழறுகிறது.

முன்பெல்லாம் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்பார்கள். இப்போது பேரனைக் கூப்பிடுகிறார்கள். "டேய், தாத்தாவுக்கு என்னமோ ஆச்சு! போன்ல பாருடா!"

காஞ்சீபுரம் மாவட்டம், உத்திரமேரூர் தாலுகா காவாந்தண்டலம் போன்ற கிராமங்களில் இன்று இது சகஜம். எழுதத் தெரியவேண்டியதுகூட இல்லை. 2017 ஆகஸ்டு முதல் கூகுளிடம் தமிழில் பேசியே தேடலாம்.

கேட்ட வார்த்தைக்கே பதில்

ஆனால் போனுக்கு நோயாளியைத் தெரியாது. கேட்ட வார்த்தைக்குத்தான் பதில் சொல்லும்.

"வாதம்" என்றால் தைலமும் லேகியமும் வந்து நிற்கும். "நரம்புத் தளர்ச்சி" என்றால் வாலிபர்களைப் பயமுறுத்தும் விளம்பரம். "தலைவலி" என்று ஆரம்பித்தவர், கடைசியில் மூளைக்கட்டியில் போய் முடிப்பார். அன்று ராத்திரி தூக்கம் போச்சு!

தலைவலிக்குத் தூக்கம்தான் போகும். பக்கவாதத்துக்கோ ஆளே போய்விடும்.

நாலரை மணி கெடு

பக்கவாதத்தில் மூளையின் ரத்தக் குழாய் அடைபடுகிறது. அல்லது வெடித்துக் கசிகிறது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. அமெரிக்க டாக்டர் ஒருவர் 2006-ல் போட்ட கணக்கு இது.

அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது. நோய் தாக்கிய நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். கசிவு உள்ளவருக்குப் போட்டால் ஆபத்து. அடைப்பா, கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும், செல்போனில் தெரியாது!

காவாந்தண்டலத்துக்காரர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காஞ்சீபுரமோ செங்கல்பட்டோ போகவேண்டும். பயண நேரமும் அந்த நாலரை மணியில்தான் கழியும்.

என்ன செய்யவேண்டும்?

முகம், கை, பேச்சு - மூன்றில் ஒன்று திடீரென்று மாறினாலும் செல்போனில் அடிக்கவேண்டியது 108. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் இலவச ஆம்புலன்ஸ் இது.

தண்ணீர், காபி புகட்டக்கூடாது, புரை ஏறிவிடும். போனில் பார்த்து ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கக்கூடாது. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லவேண்டும்.

வலிப்புக்கும் போன் ஒரு வைத்தியம் சொல்லும்: சாவிக்கொத்து! இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். வாயில் எதையும் திணிக்கக்கூடாது. 5 நிமிடம் தாண்டினால் 108.

பிறகு தேடலாம்

போனே கூடாது என்பதல்ல. நோயின் பெயரை டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கி, அந்தப் பெயரைப் போட்டுத் தேடலாம். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். ஆனால் போனில் எதையோ பார்த்துவிட்டு வலிப்பு மாத்திரையை நிறுத்தினால், அடங்கிய வலிப்பு திரும்பி வரும்.

தேடுவதற்கு நாள் கிடக்கிறது. ஊசிக்கு நாலரை மணிதான்!