வழிபாடும் தொண்டும் வகுப்பறையும்: இயேசு சபைப் பள்ளிகள் – ஒரு பார்வை

தமிழ் முஸ்லிம்களுக்குக் கத்தோலிக்கப் பள்ளிகள் புதியவை அல்ல. திருச்சியிலும் பாளையங்கோட்டையிலும் சென்னையிலும் இலங்கையின் பல நகரங்களிலும் நம்மவர் பல தலைமுறைகளாக அவற்றில் பயின்று வந்துள்ளனர். பிள்ளைகளைச் சேர்க்கும்போது ஒழுங்கு, ஆங்கிலம், தேர்ச்சி விழுக்காடு ஆகிய மூன்றையும் விசாரிக்கும் நாம், அப்பள்ளி தன்னைப் பற்றி என்ன கருதுகிறது என்று கேட்பதில்லை. நம்முள் ஒரு சாரார் அவற்றை மதமாற்றக் கூடங்கள் என்று ஐயுறுகின்றனர். மறு சாராருக்கோ அவை நன்கு நடத்தப்படும் தனியார் பள்ளிகள், அவ்வளவே. இறைநம்பிக்கை, தொண்டு, கூட்டு வாழ்வு என்னும் மூன்றையும் அப்பள்ளிகள் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைத்தன, அப்பிணைப்பு எங்கே தளர்ந்தது, எவ்வாறு மீண்டும் முடியப்பட்டது என்பதை இயேசு சபையாரின் பள்ளிகளை முன்வைத்து இங்கு ஆராய்வோம்.

இம்மக்களைப் பற்றி அல்குர்ஆன் பேசும் இரண்டு இடங்களை முதலில் நினைவிற் கொள்வது நலம். அல்மாஇதா அத்தியாயத்தின் 82ஆவது வசனம், தம்மை நஸாராக்கள் என்போரிடம் காணப்படும் நேசத்துக்குக் காரணமாக, அவர்களிடையே குருமாரும் துறவிகளும் இருப்பதையும் அவர்கள் செருக்குக் கொள்ளாமையையும் சுட்டுகிறது. அல்ஹதீத் அத்தியாயத்தின் 27ஆவது வசனமோ, துறவறம் அவர்கள் மீது விதிக்கப்பட்டதன்று, தாமாக ஏற்படுத்திக் கொண்ட அதனையும் அவர்கள் உரியவாறு பேணவில்லை என்கிறது. நாம் காணப்போகும் வரலாற்றில் இவ்விரண்டுக்கும் சான்றுகள் உண்டு.

ஸ்பெயின் நாட்டு இக்னேஷியஸ் லொயோலா (1491–1556) தொடங்கிய இயேசு சபைக்கு 1540இல் போப்பின் ஏற்பு கிடைத்தது. கல்விப் பணி அவருடைய தொடக்கத் திட்டத்தில் முதன்மையாக இருக்கவில்லை. 1548இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரத்தார் வேண்டியதன் பேரில் வெளிமாணவர்களுக்கான முதற்பள்ளி திறக்கப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து ரோம் நகரில் தொடங்கிய பள்ளியின் வாசற்பலகையில், கற்பிக்கப்படும் பாடங்களின் பெயர்களோடு, கல்வி இலவசம் என்பதும் எழுதப்பட்டிருந்தது. மாணவரிடம் கட்டணம் வாங்கலாகாது என்பதில் இக்னேஷியஸ் உறுதியாக நின்றார். அப்படியானால் செலவுக்கு வழி? ஒரு நகரமோ அரசரோ செல்வரோ நிலையான வருவாய் தரும் சொத்தை ஒதுக்கித் தந்தால்தான் அங்கே கல்லூரி தொடங்குவது என்பது சபையின் நடைமுறையாயிற்று.

நம் வாசகர்களுக்கு இதனை விளக்க நீண்ட உரை தேவையில்லை. இது வக்ஃபின் உறவுக்காரன். 1067இல் பக்தாதில் திறக்கப்பட்ட நிஸாமிய்யா மத்ரஸாவில் ஆசிரியரின் ஊதியமும் மாணவரின் உதவித்தொகையும் வக்ஃபு வருவாயிலிருந்தே வந்தன. அங்கே பேராசிரியராய் விளங்கிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்க ஒருவர் செல்வராய் இருக்க வேண்டியதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவர் எடுத்துக்கொண்டாரா என்னும் ஆராய்ச்சிக்குள் நாம் இறங்கவில்லை. பாடத்தை விலைக்கு விற்காதிருக்க வேண்டுமானால் பாடசாலைக்குப் பின்னால் ஒரு சொத்து இருக்க வேண்டும் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

1599இல் வெளியான 'ராஷியோ ஸ்டுடியோரும்' என்னும் கல்வித்திட்ட ஏடு எந்த வகுப்பில் எந்த நூல், எத்தனை மணி நேரம், ஆசிரியரின் கடமை என்ன என்பவற்றையெல்லாம் விதிகளாக வகுத்தது. நம் நாட்டு மத்ரஸாக்களில் தர்ஸே நிஸாமி பெற்ற இடத்தை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம். ஆயினும் பள்ளியின் உயிர் பாடத்திட்டத்தில் மட்டும் இருக்கவில்லை. 1563இல் ரோம் கல்லூரியில் பெல்ஜிய நாட்டவரான யான் லேயூனிஸ் என்னும் இளம் ஆசிரியர் மாணவர் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். மரியன்னையின் பெயரால் கூடிய அச்சங்கத்தார் சேர்ந்து வழிபட்டனர். சேர்ந்தே மருத்துவமனைகளுக்கும் சிறைகளுக்கும் சென்று பணிபுரிந்தனர். இம்முறை மற்றக் கல்லூரிகளுக்கும் விரைந்து பரவியது. மர்யம் (அலை) அவர்களை அழைத்து வேண்டுவதை நம் அகீதா ஏற்காது. ஆனால் வழிபடும் குழுவே தொண்டு செய்யும் குழுவாகவும் இருந்தது என்னும் அமைப்பு நம் கவனத்துக்கு உரியது. நம் கல்லூரிகளில் தொழுகைக்கு ஓர் ஏற்பாடும் நாட்டு நலப்பணிக்கு வேறோர் ஏற்பாடுமாக இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் நடப்பதை நாம் காண்கிறோம்.

நாள்தோறும் ஒருவர் தம் செயல்களைத் தாமே திரும்பிப் பார்த்துக் கணக்கெடுக்கும் பயிற்சியையும் இக்னேஷியஸ் வலியுறுத்தினார். இன்றும் இயேசு சபைப் பள்ளிகள் பலவற்றில் வகுப்புகளின் நடுவே சில நிமிட அமைதி இதற்கென ஒதுக்கப்படுகிறது. முதியோர் இல்லத்துக்கோ சேரிக்கோ சென்று திரும்பும் மாணவர் அங்கே கண்டதைப் பற்றிச் சிந்தித்துப் பேசியாக வேண்டும்; சென்று வந்ததோடு கணக்கு முடிவதில்லை. இஹ்யாவில் முராகபா, முஹாஸபா பற்றித் தனி நூலே அமைந்திருப்பதை அரபுக் கல்லூரி மாணவர் அறிவர். அதனைப் பாடமாக ஓதுகிறோம், பாடவேளையாக ஆக்கினோமில்லை.

இனி, பிணைப்புத் தளர்ந்த கதைக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கலும் பிரான்சும் ஸ்பெயினும் அடுத்தடுத்து இச்சபையை வெளியேற்றின. 1773இல் போப் பதினான்காம் கிளமென்ட் சபையையே கலைத்துவிட்டார். எழுநூற்றுக்கும் மேற்பட்ட கல்வி நிலையங்கள் கை மாறின அல்லது மூடப்பட்டன. அவற்றைத் தாங்கி நின்ற சொத்துகள் அரசுகளின் வசமாயின. 1814இல் சபை மீண்டும் உயிர் பெற்றது. சொத்துகள் திரும்பி வரவில்லை. இலவசக் கல்வி என்னும் விதி ஏட்டில் இருந்தது. அதற்கு ஆதாரமான நிலம் இல்லை. 1833இல் அமெரிக்கா போன்ற நாடுகளில் கட்டணம் பெற்றுக்கொள்ளப் போப்பிடமிருந்து விலக்குப் பெற வேண்டியதாயிற்று. கட்டணம் வந்ததும் அதைக் கட்ட இயன்றவர் வந்தனர். அவர்கள் வந்தபின் பள்ளியின் பெயர் உயர்ந்தது. பெயர் உயர உயரக் கட்டணமும் உயர்ந்தது. எவரும் தீய எண்ணத்தோடு செய்ததன்று இது. ஏழைகளுக்கும் கதவு திறந்த பள்ளிகள் ஒரு நூற்றாண்டுக்குள் பல நாடுகளில் மேற்குடி மக்களின் பள்ளிகளாய் அறியப்பட்டன. பிரெஞ்சு ஆட்சி அல்ஜீரியாவின் வக்ஃபுகளை எடுத்துக்கொண்டபின் அந்நாட்டு மத்ரஸாக்கள் என்னவாயின என்று படித்தவர்களுக்கு, சொத்துப் போனபின் பள்ளிக்கு நேர்வது என்ன என்பது தெரிந்ததே. அங்கே பள்ளிகள் மடிந்தன. இங்கே பள்ளிகள் பிழைத்தன, மாணவர் மாறினர்.

இதனை வெளிப்படையாகச் சொன்னவர் சபையின் தலைவரே. ஸ்பெயின் நாட்டவரான பேத்ரோ அருப்பே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது துறவு பூண்டவர். 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவின் புறநகரில் இளந்துறவிகளின் பயிற்சி இல்லத்துக்குப் பொறுப்பாளராய் இருந்த அவர், அவ்வில்லத்தை மருத்துவமனையாக்கி அணுகுண்டில் வெந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குப் பண்டுவம் பார்த்தார். 1965இல் சபையின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1973 ஜூலை 31ஆம் நாள், இக்னேஷியஸின் நினைவுத் திருநாளன்று, ஸ்பெயினின் வாலென்சியா நகரில் ஐரோப்பிய இயேசு சபைப் பள்ளிகளின் முன்னாள் மாணவர் மாநாட்டில் அவர் உரையாற்றினார். பழைய மாணவர் கூட்டங்களில் என்ன பேசப்படும் என்பது நாம் அறியாததன்று: பள்ளியின் பெருமை, உயர் பதவி வகிப்போரின் பட்டியல், கட்டட நிதி. அருப்பேயோ, நாங்கள் உங்களை நீதிக்காகப் பயிற்றுவித்தோமா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, இல்லை என்று விடையளித்தார். பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே இனிக் கல்வியின் நோக்கம் என்றார். மனிதர்பால் அன்பு இல்லாமல் இறையன்பு இல்லை. அவ்வன்பில் நீதி அடங்கியிருக்கிறது. அநீதியான அமைப்பால் பயனடைந்துகொண்டே தருமம் செய்வது போதாது என்பது அவர் வாதத்தின் சாரம். கேட்டவர் பலருக்கு மனவருத்தம் உண்டாயிற்று. தம் பிள்ளைகளின் கட்டணத்தால் பள்ளியைத் தாங்கி வந்தவர்களாயிற்றே! ஆயினும் 1974 டிசம்பரில் தொடங்கி 1975 மார்ச் வரை கூடிய சபையின் முப்பத்திரண்டாவது பொதுப்பேரவை, நம்பிக்கைக்குப் பணிபுரிவதும் நீதியை நிலைநாட்ட உழைப்பதும் பிரிக்க இயலாதவை என்று தீர்மானித்தது.

இவ்வெண்ணத்துக்குச் செயல்வடிவம் சில ஆண்டுகளுக்கு முன்னரே தென்னமெரிக்காவில் தோன்றியிருந்தது. 1955இல் வெனிசுவேலாவின் தலைநகரான கராகஸின் குடிசைப் பகுதியில் ஹொசே மரியா வேலாஸ் என்னும் இயேசு சபைத் துறவி பள்ளி தொடங்க இடம் தேடினார். ஆபிரகாம் ரெயெஸ் என்னும் கொத்தனாரும் அவர் மனைவியும், பல ஆண்டுகள் உழைத்துத் தம் கையால் கட்டிய வீட்டைப் பள்ளிக்கெனத் தந்தனர். 'ஃபே இ அலெக்ரியா' – நம்பிக்கையும் மகிழ்ச்சியும் – என்னும் பெயரில் அங்கு எழுந்த இயக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. தார்ச்சாலை முடியும் இடத்தில் தங்கள் பள்ளி தொடங்குகிறது என்பது அவ்வியக்கத்தாரின் வழக்கு.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1996இல் மெக்சிகோவிலிருந்து குடியேறிய ஏழைகளின் பகுதியில் தொடங்கிய கிறிஸ்தோ ரே பள்ளி வேறொரு வழியைக் கண்டது. கட்டணம் கட்டப் பெற்றோரால் இயலாது; பள்ளியிடமோ அறக்கட்டளைச் சொத்து இல்லை. எனவே நான்கைந்து மாணவர் சேர்ந்து ஓர் அலுவலகத்தின் ஒரு முழுநேரப் பணியைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒவ்வொருவருக்கும் மாதத்தில் ஏறத்தாழ ஐந்து நாள் வேலை. ஏனைய நாட்களில் வகுப்பு. ஊதியம் பள்ளிக்குச் செல்கிறது. கல்விச் செலவின் பெரும்பகுதி அதனால் ஈடாகிறது. வங்கியையும் வழக்கறிஞர் அலுவலகத்தையும் உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு அந்தப் பிள்ளைகளுக்கு உபரியாகக் கிட்டுகிறது. இதே முறையில் இன்று அந்நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் நடைபெறுகின்றன.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தை மறைத்துவிட்டு எழுதுவது முறையன்று. அயர்லாந்தில் துறவறச் சபைகள் பல நடத்திய தொழிற்பள்ளிகளிலும் சீர்திருத்தப் பள்ளிகளிலும் ஏழைச் சிறார்கள் பல்லாண்டுகள் அடிக்கும் இழிசெயல்களுக்கும் ஆளானதை அந்நாட்டு விசாரணைக் குழு 2009இல் விரிவாக வெளியிட்டது. கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளிகளில் பெரும்பகுதியைக் கத்தோலிக்க அமைப்புகளே நடத்தின. அந்நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் இறுதி அறிக்கை 2015இல் வந்தது. போப் பிரான்சிஸ் 2022 ஜூலையில் கனடாவுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார். தொண்டு என்னும் பெயர் இருந்தது, கேள்வி கேட்க வெளியார் எவரும் இல்லை. பிள்ளை ஓர் அமானத் என்பதை மறந்த இடத்தில் துறவு எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. இரவும் பகலும் பிள்ளைகளைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எந்த விடுதிக்கும், நம் மத்ரஸா விடுதிகள் உட்பட, இவ்வறிக்கைகள் பொருந்தும்.

பிற சமயத்துப் பிள்ளைகள் பற்றிய நிலைப்பாடும் காலப்போக்கில் மாறியது. 1965 அக்டோபர் 28ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றிய அறிக்கையையும், முஸ்லிம்களை மதிப்போடு குறிப்பிடும் பிற சமயங்கள் பற்றிய அறிக்கையையும் ஒரே நாளில் வெளியிட்டது. கத்தோலிக்கர் அல்லாதோரும் பயிலும் பள்ளிகள் திருச்சபைக்கு உவப்பானவை என்று முன்னது கூறுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த மற்றோர் அறிக்கை, சமய விஷயத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்றது. கெய்ரோவில் 1879 முதல் நடைபெறும் இயேசு சபைப் பள்ளியில் முஸ்லிம் மாணவர் ஏராளம். எகிப்திய அரசின் பாடத்திட்டப்படி அவர்கள் பயிலும் சமயப் பாடம் இஸ்லாமே.

நம் பக்கத்திலேயே சான்று உண்டு. நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கி 1883இல் திருச்சிக்கு மாறிய தூய வளனார் கல்லூரியில்தான் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 1954இல் பட்டம் பெற்றார். விடுதியில் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவரும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவரும் அவருடைய அறைத் தோழர்கள். சைவ உணவுக்கூடத்தின் செயலாளராக இருந்ததையும், கல்லூரித் தலைவரை அங்கே விருந்துக்கு அழைத்ததையும் அவர் தம் தன்வரலாற்றில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார். மாணவர் கிராமங்களுக்குச் சென்று பணிபுரிவது இன்று அக்கல்லூரிப் படிப்பின் ஒரு பகுதி.

அதே திருச்சியில் 1951இல் ஜமால் முகமது, காஜாமியான் ராவுத்தர் ஆகிய இரு வணிகப் பெருமக்களின் கொடையால் ஜமால் முகமது கல்லூரி எழுந்தது. ஒன்று துறவிகளின் உழைப்பில் வளர்ந்தது. மற்றொன்று இல்லறத்தாரின் செல்வத்தில் வளர்ந்தது. இரண்டையும் இந்திய அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு காக்கிறது. அப்பிரிவுக்கு வலுவூட்டிய தீர்ப்புகளுள் முதன்மையான ஒன்று, அகமதாபாத் தூய சேவியர் கல்லூரி என்னும் இயேசு சபைக் கல்லூரி தொடுத்த வழக்கில் 1974இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு வழங்கியதாகும். அத்தீர்ப்பின் நிழலில் நம் கல்லூரிகளும் நிற்கின்றன. கிடைத்த உரிமையைக் கொண்டு நாம் யாரைச் சேர்க்கிறோம் என்பது அருப்பே கேட்ட கேள்வியேயாகும். வக்ஃபுச் சொத்துகளைக் காப்பது பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அவற்றின் வருவாயில் எத்தனை ஏழைப் பிள்ளைகளின் கட்டணம் செலுத்தப்படுகிறது என்னும் கணக்கை ஜமாஅத்துகள் ஆண்டுதோறும் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடலாம். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

1965இல் ஏறத்தாழ 36,000 பேரைக் கொண்டிருந்த இயேசு சபையில் இன்று 15,000 பேர்கூட இல்லை. பள்ளிகளை நடத்தத் துறவிகள் போதவில்லை. மனைவி மக்களோடு வாழும் ஆசிரியர்களே, அவர்களில் பிற சமயத்தாரும் உட்பட, பெரும்பாலான வகுப்புகளில் நிற்கின்றனர். 1599ஆம் ஆண்டின் ஏடு தன் விதிகளைத் துறவிகளை நோக்கியே எழுதியது. 1986இல் சபை வெளியிட்ட கல்வி ஆவணமோ இந்த இல்லறத்து ஆசிரியர்களையும் பணியில் பங்காளிகளாகக் கொண்டு பேசுகிறது. இப்போது அவர்களுக்கும் தனிமைத் தியானப் பயிற்சி அளிக்கப்படுகிறது. நாள்தோறும் தம்மைக் கணக்கெடுக்கும் முறை அவர்களுக்கும் கற்பிக்கப்படுகிறது.