மணலில் கிடைத்த பணம்

ஈயத்தில் காரீயம், வெள்ளீயம் என இருவகை உண்டு. மலேசிய ஈயச் சுரங்கங்களில் தோண்டி எடுக்கப்பட்டது வெள்ளீயமே.

வெள்ளீயத் தாது பார்ப்பதற்கு உலோகம்போல் இராது. பழுப்பு அல்லது கருநிற மணலாகவே தோன்றும். ஆயினும், அது சாதாரண மணலைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. எனவே, ஆற்று மணலை அகன்ற மரத்தட்டில் இட்டு நீரில் சுழற்றினால், இலேசான மணல் வழிந்தோடிவிடும். தாது அடியில் தங்கும். அதைக் கரியுடன் சேர்த்துச் சூடாக்கினால் வெண்ணிற உலோகம் கிடைக்கும். இவ்வுலோகம் 232 பாகை செல்சியசிலேயே உருகுவதால், அச்சில் வார்ப்பது எளிது.

இத்தன்மையே மலாக்காவின் வாணிகத்திற்குத் துணைநின்றது. 15ஆம் நூற்றாண்டில் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பல்களில் வந்தவர் மா ஹுவான். மலாக்கா மக்கள் வெள்ளீயத்தைச் சிறு கட்டிகளாக வார்த்து, பத்துப் பத்தாகப் பிரம்பால் கட்டி, பணமாகப் பயன்படுத்தியதை அவர் எழுதிவைத்தார். சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்த வணிகர்கள், திரும்பும்போது வெள்ளீயத்தையும் ஏற்றிச் சென்றனர். சுல்தான் முசாஃபர் ஷாவின் பெயர் பொறித்த நாணயங்களும் வெள்ளீயத்தால் ஆனவையே.

1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரும் வெள்ளீய நாணயங்களை வெளியிட்டனர். ஆட்சி மாறியது, நாணயத்தின் உலோகம் மாறவில்லை.