ஒரே ஆப், இரண்டு ஐகானா? உஷார்!

"உங்கள் வாகனத்துக்கு அபராதம். விவரம் அறிய இந்த ஆப்பை இன்ஸ்டால் செய்யவும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் வருகிறது. 'நம்ம போன்லதான் எம்-பரிவாகன் இருக்கே, இது அதோட புது வெர்ஷனா இருக்கும்' என்று தட்டிவிடாதீங்க!

போன் எப்படிச் சரிபார்க்கிறது?

ஆண்ட்ராய்டு போனில் ஆப்களை ஏற்றுவதும் நீக்குவதும் 'பேக்கேஜ் மேனேஜர்' என்ற பகுதியின் வேலை. ரேஷன் கார்டு எண் மாதிரி ஒவ்வொரு ஆப்புக்கும் தனியான பேக்கேஜ் பெயர் உண்டு. அதோடு, உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பமும் இருக்கும்.

அப்டேட் வந்தால் மூன்று விஷயங்கள் பார்க்கப்படும்:

• பேக்கேஜ் பெயர் அதேதானா?
• கையொப்பம் பொருந்துகிறதா?
• வெர்ஷன் எண் பழையதைவிடக் குறையாமல் இருக்கிறதா?

மூன்றும் சரியென்றால், பழையது இருந்த இடத்திலேயே புதியது அமரும். உங்கள் தகவல்கள் அப்படியே இருக்கும். கையொப்பம் மாறினால் அப்டேட் ஏறாது.

ஆக, உண்மையான புது வெர்ஷன் வந்தால் ஐகான் இரண்டாகாது. இரண்டாகத் தெரிந்தால், அது வேறு பேக்கேஜ் பெயரில் வந்த வேறு ஆப். நீங்களே உருவாக்கிய டூயல் ஆப், அலுவலக புரொஃபைல் மட்டும் இதற்கு விதிவிலக்கு. சில போலிகள் ஐகானையே மறைத்துவிடும். அதனால் செட்டிங்ஸில் உள்ள ஆப் பட்டியலையும் பாருங்க.

என்ன ஆபத்து?

போலி ஆப் முதலில் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி மோசடிக்காரர் கைக்குப் போய்விடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• அப்டேட்டை பிளே ஸ்டோரில் மட்டும் செய்யுங்க. அபராதம் உண்டா என்பதைப் பரிவாகன் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

• செட்டிங்ஸில் 'அறியப்படாத ஆப்ஸை நிறுவுதல்' பகுதியில் வாட்ஸ்அப், பிரவுசர் இரண்டுக்கும் அனுமதியை நிறுத்தி வையுங்க.

• அரசு ஆப் மக்கர் செய்தால், நீக்கிவிட்டு பிளே ஸ்டோரிலிருந்தே மறுபடி ஏற்றுங்க. டிஜிலாக்கரில் நீங்கள் சேர்த்த ஆவணங்கள் லாகின் செய்ததும் திரும்பக் கிடைக்கும். எம்-ஆதாரில் புரொஃபைலை மீண்டும் சேர்க்க வேண்டும்.

• தெரியாமல் போலி ஆப்பை ஏற்றிவிட்டால், உடனே இன்டர்நெட்டை அணைத்துவிட்டு ஆப்பை நீக்குங்க. வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்க. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.