விதைக்காத ஊரா, கேட்காத ஊரா?

கொல்லிமலை அரியூர் நாட்டில் எந்த ஊரில் என்ன சாமை விதைக்கிறார்கள் என்று எழுதிவைக்க, கோடு போட்ட ஒரு நோட்டு போதும். இடப்பக்கம் ஊர்ப்பெயர், மேலே ரகத்தின் பெயர். விதைத்தால் டிக், இல்லாவிட்டால் வெறும் கட்டம். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையின் சிறுதானியங்களில் இறங்கி வேலை செய்தபோது, ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் குச்சிக்கிழங்கு சாமைக் காடுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் அப்படியொரு நோட்டு இருந்தால் அதனிடம் கேட்கத் தோன்றும் முதல் கேள்வி: அன்று விதைத்து இன்று விட்டுவிட்ட ஊர்கள் எவை?

கணினிக்குள் இந்தக் கட்டங்கள் பிட்டுகள்: டிக் என்றால் 1, வெறுமை என்றால் 0. 1996-இல் வந்த ஜாவா நிரல்மொழியின் முதல் பதிப்பிலேயே இதற்கென்று ‘பிட்செட்’ இருந்தது. ஊர்களுக்கு 0, 1, 2 என்று எண் கொடுத்து, கட்டவெட்டிச் சாமை என்ற ரகத்தை விதைக்கும் ஊரின் பிட்டை 1 ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது. அன்றைக்கு அதன் பெருமையெல்லாம் இடத்தை மிச்சம் பிடிப்பதில்தான். ஒரு பைட்டில் எட்டு ஊர்கள் அடங்கும். நம் கேள்விக்கு நேரான விடை அதில் இல்லை. ஒரு தொகுப்பிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும் ‘ஆண்ட்நாட்’ 1998-இல் 1.2 பதிப்போடுதான் வந்தது. எத்தனை ஊர் என்று எண்ணித்தரும் ‘கார்டினாலிட்டி’க்கு 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ஒவ்வொரு பிட்டாகத் தட்டிப் பார்த்து எண்ணும் நிரலை அவரவரே எழுதிக்கொண்டார்கள்.

இன்று அந்தப் பாடு இல்லை. 64 பிட்டுகளில் எத்தனை 1 என்பதைச் செயலியே ஒரே கட்டளையில் சொல்லிவிடுகிறது. நம் பிளஸ் டூ பிள்ளைகள் 2019 முதல் படிக்கும் பைத்தானில் தனித் தொகுப்புகூட வேண்டாம். சாதாரண முழு எண்ணே எத்தனை பிட்டுக்கும் நீளும். 2021-இல் வந்த 3.10 பதிப்பில் எண்ணிக்கைக்கும் வழி சேர்ந்துவிட்டது.

வழுக்கும் இடங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. நாற்பது ஊருக்கென்று பிட்செட் கேட்டால் அதன் ‘சைஸ்’ 64 என்கிறது. அது ஒதுக்கிய இடத்தின் அளவு, ஊர்க் கணக்கு அல்ல. ‘ஆண்ட்நாட்’ புதிய தொகுப்பு எதையும் தராது, அழைத்த தொகுப்பையே மாற்றிவிடும். நகலெடுக்காமல் கழித்தால் பழைய கணக்கெடுப்பு அங்கேயே காலி.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல் 0. நோட்டில் கட்டம் வெறுமையாக இருந்தால், எழுதியவரிடம் “அந்த ஊருக்குப் போனீங்களா?” என்று கேட்கலாம். பிட்டிடம் கேட்க முடியாது. ஒற்றையடிப் பாதையில் மழைக்கு நடுவே போக முடியாத ஊரும், சாமையைக் கைவிட்ட ஊரும் அதற்கு ஒன்றே. அந்த 0-வை நம்பிக் கழித்தால் அழிவு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். இருபத்தைந்து வருட நிரல் நூலக வளர்ச்சி இதைத் தீர்க்கவில்லை, தீர்க்கவும் முடியாது. தகவல் எடுக்கிறவர்தான் இன்னொரு தொகுப்பு வைக்கவேண்டும்: இன்று போய்க் கேட்ட ஊர்கள்.

அது இருந்தால் கணக்கு எளிது. அன்று விதைத்த ஊர்களை நகலெடுத்து, இன்று விதைக்கும் ஊர்களைக் கழித்து, மிச்சத்தை ‘இன்று கேட்ட ஊர்க’ளோடு ‘ஆண்ட்’ செய்தால், அதாவது இரண்டிலும் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டால், சாமையை நிஜமாகவே விட்ட ஊர்கள் கிடைக்கும். அன்று விதைத்தவற்றிலிருந்து ‘இன்று கேட்ட ஊர்க’ளை மட்டும் கழித்தால், இன்னும் நடந்து போகவேண்டிய ஊர்களின் பட்டியல்.