தெருநாய்க்கு மருந்திடுமுன்

தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் குடியிருக்கிற நம் ஜனங்களுக்குத் தெருநாய் அந்நியமானதல்ல. முழு இரவு ஜெபம் முடிந்து வீடு திரும்புகிறவர்களைச் சந்துமுனையில் முதலாவது எதிர்கொள்வது அதுவே. மழைக்காலத்தில் புழு வைத்த காயத்தோடும், சொறியினால் ரோமம் உதிர்ந்த தோலோடும் அது படுத்திருக்கக் கண்டு, ஏதாவது செய்யக்கூடாதா என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் மருந்து கிடைப்பதைவிட நாயின் நம்பிக்கை கிடைப்பதே கடினம்.

சொறியும் புழுக்காயமும் ஒருநாள் மருந்தில் ஆறுவதில்லை. உண்ணிக் காய்ச்சலுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் 28 நாட்கள் மாத்திரை எழுதுகிறார்கள். முதல் நாள் நான்குபேர் சூழ்ந்து அமுக்கிப் பிடித்து ஊசி போட்டுவிடலாம். மறுநாள் அவர்களுடைய காலடிச் சத்தத்துக்கே அது ஓடிப்போகும். அப்புறம் 27 நாள் மாத்திரையை யாருக்குக் கொடுப்பது?

ஆகையால் அனுபவமுள்ளவர்கள் ஆகாரத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஒரே ஆள், ஒரே வேளையில், ஒரே இடத்தில் உணவு வைத்துச் சற்று விலகி நிற்கவேண்டும். சில நாய்கள் இரண்டு நாளில் நெருங்கும். சில நாய்களுக்கு வாரங்கள் செல்லும். நாயின் கண்களை உற்றுநோக்கக்கூடாது. அதற்கு அது சண்டைக்கு அழைப்பாகும். நேருக்குநேர் நடந்துசெல்லாமல், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, அதுவே வந்து முகரட்டும் என்று பொறுத்திருக்கவேண்டும். முதல் முறை தொடும்போது தலைக்குமேல் கையை நீட்டாமல், மார்பையோ தாடையின் கீழ்ப்பக்கத்தையோ தொடவேண்டும்.

வாலை ஆட்டுவதெல்லாம் சிநேகமென்று எண்ணி ஏமாறுகிறவர்கள் அநேகர். உடல் விறைத்து, வால் உயர்ந்து மெதுவாக அசைந்தால் விலகிக்கொள்ளுங்கள். காதுகளைப் பின்னே மடக்குவதும், உதட்டை அடிக்கடி நக்குவதும், களைப்பில்லாமல் கொட்டாவி விடுவதும் அச்சத்தின் அடையாளங்கள்.

மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் கலந்தால் கசப்பு முழுவதும் பரவும். பிறகு உங்கள் கையிலுள்ள எதையும் அது தின்னாது. முதல் கவளம் வெறுமையாய், இரண்டாவதில் மாத்திரை, உடனே மூன்றாவது வெறுமையாய்க் கொடுப்பதே நல்ல வழி. ஊசியையும் காயம் கழுவுவதையும் உணவிடுகிறவர் செய்யாமல் வேறொருவர் செய்வது நலம். மண்ணெண்ணெயைக் காயத்தில் ஊற்றுகிற வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அது சதையை எரிக்கும்; நாய் நக்கினால் வயிற்றிலும் விஷமாகும். அதை விட்டுவிடுங்கள். எந்த மருந்தும் நாயின் எடையைப் பார்த்து மருத்துவர் சொன்ன அளவிலேயே கொடுக்கப்படவேண்டும். பரேலில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே விலங்குகளுக்கென்று மருத்துவமனை உண்டு.

காரணமின்றிக் கடிக்கிற, வாயில் எச்சில் ஒழுகுகிற, தள்ளாடுகிற நாயிடம் எவரும் நம்பிக்கை சம்பாதிக்கப் போகவேண்டாம், மாநகராட்சிக்கு அறிவியுங்கள். பிள்ளைகள் தனியே மருந்திட முயலவும் கூடாது. கடியோ கீறலோ ஏற்பட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குச் செல்லவேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. வெறிநோயைத் தடுக்க ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போடவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனிதரைக் கண்டு ஓடுகிற நாய்க்கு அதைப் போடுவது எளிதா?

கருத்தடையிலும் இதே சிக்கல் உண்டு. 2023ஆம் ஆண்டின் விதிகளின்படி, தெருநாயைக் கருத்தடை செய்து, தடுப்பூசியிட்டு, பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும். அறுவைக்குமுன் வயிறு வெறுமையாய் இருக்கவேண்டுமாதலால், பழகியவர் அன்று உணவைக் காட்டி அழைக்கமுடியாது. முன்னமே கழுத்துப்பட்டைக்கும் கயிற்றுக்கும் பழக்கியிருந்தால் வலையின்றியே வண்டியில் ஏற்றலாம். காதில் சிறு வெட்டு அடையாளத்தோடு திரும்பி வருகிற நாய் சில நாள் அவரையும் ஒதுக்கும். அவர் பழைய இடத்தில், பழைய வேளையில் தட்டை வைத்துவிட்டு, முன்பைவிட நாலடி தள்ளி நிற்கவேண்டும்.